வீட்டுச் சிற்பசாலையும் விழாத பொம்மையும்

கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊரோடு ஊர் ஒட்டிச் செல்லும் கரையோரச் சாலையின் கிழக்கே வங்கக் கடலும், மேற்கே கரவாகு வட்டையும் அதனையடுத்த சம்மாந்துறை வயல்வெளிகளும் விரிந்து கிடக்க, இவ்விரண்டுக்கும் நடுவே அமைந்த ஒடுங்கிய மணல் நிலத்திலே வேலியோடு வேலியும் மதிலோடு மதிலும் உராயும்படி வீடுகள் நெருங்கி நிற்கின்றன. இடநெருக்கடி என்ற ஒரு குறையை நீக்கிப் பார்த்தால், சிற்ப வேலையை வீட்டிலிருந்தே செய்ய விரும்பும் ஒருவருக்கு இதனினும் வாய்ப்பான பிரதேசம் கிடைப்பது அரிது. நடந்து சென்று எடுத்துவரக்கூடிய தூரத்துக்குள்ளே கடல் மணலும் வயற்களியும் புற்றுமண்ணும் உண்டு. தென்னை தரும் சிரட்டையும் தும்பும் ஈர்க்கும் உண்டு. பெண்கள் பாய் இழைக்கும் பன்புல் உண்டு. மருதமுனைத் தறிகளில் நெய்த துணியின் வெட்டுத்துண்டுகள் உண்டு. பழைய பத்திரிகைக் கடதாசியோ எந்த வீட்டின் மூலையிலும் உண்டு. இவற்றைக் கொண்டு ஒருவர் தம் வீட்டு விறாந்தையிலேயே தாமே எண்ணி, தாமே வனைந்து, தாமே வர்ணந்தீட்டி முடிக்கின்ற பொம்மையைப் பற்றியதே இவ்வத்தியாயம்.

வீடு என்று இங்கே சொல்லுவதற்கு ஒரு விசேஷ காரணமும் உண்டு. இக்கரையின் வழமைப்படி வீடு மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படுகின்றது. மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்கின்றான். ஆகவே வீட்டின் உரிமையும், வீட்டுக்குள் நிகழும் கைத்தொழிலின் அதிகாரமும் பெரும்பாலும் பெண்களிடத்திலேயே நிலைபெற்றிருக்கின்றன. பொம்மைக் கலையின் உலக சரித்திரத்திலும் வீட்டுக்கும் பெண்ணுக்கும் உரிய ஸ்தானம் சிறிதன்று. ஜெர்மனியைச் சேர்ந்த கேத்தே குரூசே என்னும் அம்மையார், தம் மகளுக்குக் கடையிலே பொம்மை வாங்கித்தரச் சிற்பியாகிய கணவர் மறுத்ததனால், 1905ஆம் ஆண்டிலே ஒரு துவாயில் மணலை நிரப்பி, உருளைக்கிழங்கைத் தலையாக வைத்துக் கட்டிக் கொடுத்தார். உருளைக்கிழங்கு வாடிப்போயிற்று, ஆனால் மணலின் பாரம் கைக்குழந்தையை ஏந்துகின்ற உணர்ச்சியைச் சிறுமிக்குத் தந்தது என்பதை அவர் மறக்கவில்லை. பல ஆண்டுகள் வீட்டிலிருந்தே திருத்தித் திருத்திச் செய்த அப்பொம்மைகள், 1910இல் பெர்லின் நகரத்துப் பெரிய கடையொன்றில் வீட்டுக் கைவேலைப் பொம்மைகளுக்கென நடந்த கண்காட்சியிலே வைக்கப்பட்டு, அவருக்கு உலகப் புகழைத் தேடித்தந்தன.

மணலின் பாரத்தை ஒரு தாய் கவனித்த அந்தக் கவனிப்பிலே பொம்மைச் சிற்பத்தின் சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருக்கின்றது என்று கூறலாம். பொம்மை செய்பவர் கண்ணுக்கு இனிய ஓர் உருவத்தை மனத்திலே கற்பிக்கின்றார். அவர் எடுத்துக்கொள்ளும் மண்ணோ மரமோ கடதாசியோ தன் சொந்தச் சுபாவத்தை விட்டுக்கொடுப்பதில்லை. இவ்விரண்டும் ஒத்துப்போகும் இடத்தைக் கைகளாலே தேடிக் கண்டடைவதே சிற்பம். ஆதலின், பொம்மை செய்யப் பழகுகின்ற ஒருவர், தாம் அறிந்தோ அறியாமலோ, பௌதிகவியலையும் இரசாயனவியலையும் பழகுகின்றார்.

கண்ணின் ஆசை

பொம்மையின் முகத்தைக் கண்டவுடன் உள்ளம் இளகுவதற்குக் காரணம் யாது? கொன்ராட் லோரன்ஸ் என்னும் ஆஸ்திரிய நாட்டு விலங்கியல் அறிஞர் 1943இல் இதற்கு ஒரு விடை கூறினார். உடலுக்கு மிஞ்சிய பெரிய தலை, முன்னே புடைத்த நெற்றி, முகத்தின் நடுவுக்குக் கீழே இறங்கிய பெரிய கண்கள், சிறிய மூக்கும் வாயும், உருண்ட கன்னம், குறுகிய கைகால் ஆகிய இலட்சணங்கள் எவ்வுயிரிடத்தில் ஒருங்கே காணப்பட்டாலும், அவை குழந்தையின் இலட்சணங்களாதலால், பேணி வளர்க்கும் இயல்பூக்கத்தை மனிதரிடத்தே தூண்டுகின்றன என்பது அவர் கொள்கை. பிறந்த குழந்தையின் நீளத்திலே தலை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. வளர்ந்தவரிடத்திலோ ஏழில் ஒரு பங்குக்கும் எட்டில் ஒரு பங்குக்கும் இடைப்பட்டது. அமெரிக்க அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்ட், மிக்கி மவுஸ் என்னும் சித்திர எலியின் உருவங்களை ஆண்டு வரிசைப்படி அளந்து பார்த்து, காலஞ் செல்லச்செல்ல அதன் தலையும் கண்ணும் பெருத்துக் குழந்தைத் தன்மையை நோக்கியே நகர்ந்தன என்று 1979இல் எழுதினார்.

இக்காலத்துக் கலைப்பொம்மை இயக்கமும் இந்த விகிதத்தையே ஆதாரமாகக் கொண்டிருக்கின்றது. சிறுவரின் விளையாட்டுக்காக மாத்திரமன்றி, ஓவியர் ஒருவரின் சொந்தச் சிருஷ்டியாகச் சிறு எண்ணிக்கையிற் செய்யப்படும் பொம்மைகளை ஹொங்கொங் நகரத்து ஓவியர் மைக்கல் லாவ் 1999இல் காட்சிக்கு வைத்ததிலிருந்து அவ்வியக்கம் வளர்ந்தது. காசிங் லுங் என்பவர் 2015இல் தம் சித்திரக்கதைகளுக்காகக் கற்பித்த லபுபு என்னும் உருவம் இன்று கல்முனைச் சிறுவரும் அறிந்ததாகிவிட்டது. அகன்ற கண்ணும் பெருந்தலையுமாகிய அதன் அமைப்பை லோரன்ஸ் கூறிய இலட்சணங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர், அதன் கவர்ச்சிக்குரிய காரணத்தை எளிதிலே விளங்கிக்கொள்வர்.

முஸ்லிம் ஊர்களில் உருவம் செய்யப் புகுபவரிடத்தே, இது மார்க்கத்துக்கு ஏற்றதா என்ற வினா முதலிலே எழுவது இயல்பு, அவ்வினா மதிப்புக்குரியது. ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் இளமையிலே பொம்மைகளோடு விளையாடினார்கள் என்பதும், அவற்றுள் துணியாலான இரண்டு இறக்கைகளையுடைய ஒரு குதிரையைக் கண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவியபோது, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்தனவே என்று ஆயிஷா நாயகி விடையிறுக்க, நாயகம் மகிழ்ந்து சிரித்தார்கள் என்பதும் அபூதாவூத் தொகுத்த ஹதீஸ் நூலிலே காணப்படுகின்றன. இதனை ஆதாரமாகக் கொண்டு சிறுவரின் விளையாட்டுப் பொம்மைக்கு விலக்களித்த அறிஞர் பலர். கண், மூக்கு முதலிய அவயவங்களைத் தெளிவாகக் காட்டாது விடுதலே பேணுதல் என்று கருதுவோரும் உளர். பின்னைய கருத்தைக் கொள்பவருக்கும் சிற்பத்தின் வாசல் அடைபடுவதில்லை. முகமில்லாத உருவமும், தோணியும், தேரும், ஈச்சங்குலையும், கோணங்களாலும் வளைவுகளாலும் ஆகிய தூய வடிவங்களும் அவர் கைக்குக் காத்திருக்கின்றன. இனிச் சொல்லப்போகும் நியதிகள் முகமுள்ள பொம்மைக்கும் முகமற்ற பொம்மைக்கும் ஒரே தன்மையாகவே பொருந்தும்.

பாரத்தின் நியதி

பெரிய தலை வேண்டுமென்று கண் கேட்கின்றது; பெரிய தலையைச் சுமந்த உருவமோ நிற்கமாட்டாமல் விழுகின்றது. இப்பிணக்கைத் தீர்த்துவைத்த பொம்மைகளுள் தமிழர் நன்கறிந்தது தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை. இந்தியாவிலே 2008-09ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்ற இப்பொம்மை, தஞ்சையிலும் அதனையடுத்த புன்னைநல்லூர்ப் பக்கத்திலும் குடும்பத் தொழிலாகச் செய்யப்பட்டு வருகின்றது. இதில் இரண்டு வகை உண்டு. ராஜா, ராணி என்று வழங்கும் முதல் வகை, உருண்ட அடியோடு கூடியது. எப்பக்கம் தள்ளினும் சாய்ந்து, ஆடி, நிமிர்ந்து நிற்கும். நாட்டியப் பெண்ணின் உருவமான இரண்டாம் வகையில் தலையும் உடலும் பாவாடையும் தனித்தனியாகச் செய்யப்பட்டு, கூரிய முனைகளின்மீது ஒன்றன்மேல் ஒன்றாகத் தாங்கப்பட்டிருக்கும். சிறு காற்றுக்கும் ஒவ்வோர் அங்கமும் வெவ்வேறாக அசையும்.

முதல் வகையை எடுத்துக்கொள்வோம். ஒரு பொருளின் ஒவ்வோர் அணுவையும் பூமி இழுக்கின்றது. அவ்விழுப்புகள் அனைத்தையும் கூட்டி ஒரே புள்ளியிலே தாக்குவதாகக் கொள்ளலாம். அப்புள்ளியே புவியீர்ப்பு மையம், அதாவது பாரமையம். கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீசு தொடங்கிவைத்த இவ்வாராய்ச்சியை அல்-கூஹி முதலிய இசுலாமிய அறிஞர்கள் வளர்த்தார்கள். மெர்வு நகரத்து அல்-காஸினி 1121இல் எழுதி முடித்த மீஸானுல் ஹிக்மா என்னும் பெருநூல், தராசின் அமைப்பையும் பாரத்தின் மையத்தையும் பற்றி அதுவரை அறியப்பட்டவற்றைத் திரட்டித் தந்தது. உருண்டையான அடியையுடைய பொம்மை எவ்வளவு சாய்ந்தாலும், அது நிலத்தைத் தொடும் புள்ளி, அந்த உருண்டையின் வடிவ மையத்துக்கு நேர் கீழேயே இருக்கும். புவியீர்ப்பு மையம் அவ்வடிவ மையத்துக்குக் கீழே அமைந்திருந்தால், பொம்மை சாயும்போது அது மேலே உயர்கின்றது. உயர்ந்த பாரம் தாழ விரும்புவதால் பொம்மை நிமிர்கின்றது. இது உறுதிச் சமநிலை. மேலே அமைந்திருந்தால், சாயச்சாயப் பாரம் இன்னும் தாழ்கின்றது, பொம்மை விழுகின்றது. இரண்டும் ஒரே புள்ளியில் அமைந்தால், சாய்த்த நிலையிலேயே அது நின்றுவிடும். இதனை நொதுமற் சமநிலை என்பர்.

இந்நியதியை அளவுகளோடு பரீட்சித்துப் பார்ப்பது பயனுடையது. 4 சென்ரிமீற்றர் ஆரையுள்ள ஓர் அரைக்கோளத்தைக் களிமண்ணாலே திண்மமாகச் செய்தால், அதன் பாரமையம் தட்டையான முகத்துக்குக் கீழே, ஆரையின் எட்டில் மூன்று பங்கு தூரத்தில், அதாவது 1.5 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருக்கும். அதன்மீது அதே களிமண்ணால் ஒரு கூம்பைத் திண்மமாக வைத்து உடலாக்கினால், அக்கூம்பின் உயரம் ஆரையின் 1.73 மடங்கை, அதாவது 6.9 சென்ரிமீற்றரை மிஞ்சும் கணத்திலே பொம்மை நிற்கும் ஆற்றலை இழந்துவிடும். முழுவதும் மண்ணாலேயே செய்யப்படும் தலையாட்டிப் பொம்மை குட்டையாகத்தான் இருக்கவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

உயரமும் பெருந்தலையும் வேண்டுமாயின், அடியைப் பாரமாகவும் மேற்பகுதியை உள்ளீடற்றதாகவும் ஆக்குவதே வழி. 16 சென்ரிமீற்றர் உயரமுள்ள பொம்மைக்கு வளர்ந்தவரின் விகிதப்படி தலை வைத்தால் அதன் விட்டம் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர். குழந்தையின் விகிதப்படியோ 4 சென்ரிமீற்றர். விட்டம் இரண்டு மடங்காகும்போது கனவளவு எட்டு மடங்காகுமாதலால், 7 கிராம் நிறையுள்ள சிறு களிமண் தலை 55 கிராம் நிறையுள்ள பெருந்தலையாகிவிடும். ஆனால் அப்பெருந்தலையை 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள கடதாசிக் கூடாகச் செய்தால், அதன் நிறை மீண்டும் ஏறத்தாழ 7 கிராமுக்கே இறங்குகின்றது. கண் கேட்ட பருமனையும் நியதி கேட்ட இலேசையும் ஒருங்கே தந்துவிடுகின்ற இவ்வுபாயமே தஞ்சாவூர்க் கலைஞரின் கைகளிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றது.

களிமண் அடியின் நிறை 220 கிராம் என்று கொள்வோம். அதன் பாரமையம் வடிவ மையத்துக்கு 1.5 சென்ரிமீற்றர் கீழே இருப்பதால், நிறையைத் தூரத்தாற் பெருக்கிவரும் நிமிர்த்தும் அளவு 330. தலையும் உடலுமாகிய கடதாசிக் கூட்டின் நிறை 40 கிராம், அதன் மையம் 5 சென்ரிமீற்றர் மேலே என்றால், வீழ்த்தும் அளவு 200. ஆகவே பொம்மை நிமிரும். இப்பொழுது 15 கிராம் நிறையுள்ள களிமண் கிரீடமொன்றை 11 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒட்டினால், வீழ்த்தும் அளவு 165 கூடி 365 ஆகின்றது, ராஜா விழுந்துவிடுவார். அதே கிரீடத்தைக் கடதாசியாலே 7 கிராமிற் செய்தால் மொத்தம் 277. ராஜா நிமிர்ந்து நிற்பார், முன்னையினும் சற்று மெதுவாக ஆடியபடி. வீட்டுத் தராசும் ஓர் அடிமட்டமும் உடைய எவரும், வனையத் தொடங்குமுன்பே இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

அடியை மேலும் பாரமாக்க வேண்டுமாயின் உலோகத்தை நாடவேண்டும். மீன்பிடித் தொழில் நடக்கும் இக்கரையிலே வலையின் ஈயக் குண்டுகள் எளிதிற் கிடைக்கும். ஈயத்தின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 11.3 கிராம், இரும்பினது 7.9 கிராம் என்பதால் ஈயமே மிகவும் உகந்தது என்று தோன்றவும் கூடும். ஆயினும் ஈயம் குழந்தைகளின் மூளையையும் நரம்புகளையும் கெடுக்கும் விஷம்; பொம்மை உடையாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இரும்பு ஆணித் துண்டுகளையோ கடற்கரைக் கூழாங்கற்களையோ களியின் அடியிற் பதித்தல் போதுமானது.

நாட்டியப் பொம்மையின் தலை அசைவது வேறொரு விதியின்படி. கூரிய முனையொன்றின்மீது தொங்கும் அத்தலையின் பாரமையம், முனைக்குச் சற்றுக் கீழே அமைந்திருக்கின்றது. ஆகவே அது ஓர் ஊசல். பாரமையத்துக்கும் முனைக்கும் உள்ள தூரம் குறையக்குறைய, தலையை மீட்டு இழுக்கும் திருப்பம் குறைந்து, அலைவுகாலம் நீளுகின்றது. மிகவும் குறைந்தால் தலை சோம்பிச் சாய்ந்துபோகும். மிகவும் கூடினால் படபடவென்று நடுங்கும். இவ்விரு எல்லைக்கும் இடையே, ஆமோதிப்பவரின் நிதானமான தலையசைவு பிறக்கின்ற அந்தச் சிறு தூரத்தைத் தலையின் உட்புறத்தில் ஒட்டும் பசையையும் களியையும் கூட்டிக் குறைத்துக் கைவினைஞர் கண்டுபிடிக்கின்றார்.

பாரமையத்தைத் தாழ்த்தினால் உறுதி கூடும் என்ற இதே உண்மை, இக்கரையின் தோணிக்கும் பொருந்தும். சாய்ந்த தோணி எப்புள்ளியைப் பற்றித் திரும்புகின்றதோ, அப்புள்ளி பாரமையத்துக்கு மேலே இருக்கும்வரை தோணி கவிழாது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே 1746இல் வெளியிட்ட கப்பற்கலை நூலிலே நிறுவினார். கணித உலகத்திலோ இவ்விஷயம் நம் காலம்வரை தொடர்ந்து வந்திருக்கின்றது. அடியிலே பாரம் எதனையும் ஒளித்து வைக்காமல், உடல் முழுவதும் ஒரே அடர்த்தியுடையதாய், எப்பக்கமும் புடைத்த வடிவமொன்று, ஒரேயொரு நிலையில் உறுதியாகவும் ஒரேயொரு நிலையில் உறுதியின்றியும் நிற்றல் கூடுமா என்ற வினாவுக்குக் கூடும் என்பதே விடையாயிருக்கும் என்று ரஷ்யக் கணித அறிஞர் விளாடிமிர் அர்னோல்ட் 1995இல் கருதினார்; ஹங்கேரி நாட்டின் காபோர் டொமோகோஷ், பீட்டர் வார்கொன்யி என்னும் இருவரும் 2006இல் அத்தகைய வடிவத்தைக் கண்டு உண்மையிலேயே செய்தும் காட்டினர். சிறுவரின் விளையாட்டுப் பொருளுக்குள் எழுந்த ஒரு வினா, கணித சாஸ்திரத்தின் மிக உயர்ந்த படிகளிலும் நின்று விடை கேட்கும் தகுதியுடையது என்பதற்கு இது தக்க சான்று.

மண்ணின் சுபாவம்

இனி அடிக்கு வேண்டிய மண்ணைப் பார்ப்போம். களிமண்ணின் நுண்துகள்கள் மிக மெல்லிய தகடுகள். அவற்றிற் பெரும்பாலானவற்றின் அகலம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு பங்கைத் தாண்டாது. சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்த ஒரு படையும், அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த மற்றொரு படையும் இணைந்து ஒரு தகடாகின்றன. நனைந்த கண்ணாடிச் சில்லுகள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று வழுக்குமேயன்றிப் பிரிவதற்கு மறுப்பதுபோல, இத்தகடுகளும் நீர்ப்படலத்தின்மீது வழுக்குகின்றன, ஆனால் விலகுவதில்லை. அழுத்திய விரலின் வடிவத்தை மண் ஏற்று வைத்துக்கொள்வதற்கு இதுவே காரணம். நீர் வற்றும்போது தகடுகள் ஒன்றையொன்று நெருங்குவதால் மண் சுருங்குகின்றது. மேற்பரப்பு முந்தியும் உள்ளிடம் பிந்தியும் காய்ந்தால், சுருங்கிய தோல் சுருங்காத உடலின்மீது இழுபட்டு வெடிக்கின்றது. ஆகவே செய்த உருவத்தை வெயிலிலே வைக்காமல், ஈரச்சாக்கினால் மூடி நிழலிலே பல நாள் ஆறவிடுவதும், சுருங்கும் தன்மையற்ற மணலைச் சிறிதளவு கலப்பதும் பண்டைய குயவர் முதல் இன்றைய சிற்பிகள் வரை எல்லாரும் கைக்கொள்ளும் முறை.

மணல் கலக்கும்போது கடற்கரை வாசிகள் இரண்டு விஷயங்களிலே கருத்தாயிருத்தல் வேண்டும். ஒன்று உப்பு. கடல்மணலை நன்னீரிலே பலமுறை அலசாமற் கலந்தால், மண் உலரும்போது உப்பு நீரோடு மேற்பரப்புக்கு வந்து வெள்ளையாகப் பூத்து, வர்ணத்தை உரித்துவிடும். கரையோர வீட்டுச் சுவர்களிலே இதனைக் காணாதவர் இல்லை. மற்றது சிப்பித் துகள். சுட்ட மண்பொம்மை செய்பவருக்கு இதனைப்போன்ற பகை வேறில்லை. சிப்பியின் கல்சியம் காபனேற்று, சூளையின் வெப்பம் 800 பாகை செல்சியசைத் தாண்டும்போது சுட்ட சுண்ணாம்பாகின்றது. பொம்மை சூளையிலிருந்து குறையின்றி வெளிவந்து, சில நாட்களின் பின், காற்றிலுள்ள ஈரத்தை அச்சுண்ணாம்பு பருகிப் பருக்கும்போது, மேற்பரப்பிலிருந்து சில்லுச் சில்லாகத் தெறிக்கின்றது. மெல்லிய துணியாலோ நுண்ணிய அரிதட்டாலோ களியையும் மணலையும் அரித்தெடுப்பதே இதற்குப் பரிகாரம்.

மண்ணைச் சுடுவோர் அறியவேண்டிய வேறு சில எல்லைகளும் உண்டு. காய்ந்ததுபோலத் தோன்றும் களியினுள்ளும் நீர் தங்கியிருக்கும். நீர் ஆவியாகும்போது அதன் கனவளவு 1,600 மடங்குக்கு மேலாகப் பெருகுவதால், தடித்த உருவங்கள் சூளையிலே வெடித்துச் சிதறுகின்றன. அதனாலேயே உள்ளே குடைந்து, ஆவி போக ஒரு துளையும் விடுகின்றார்கள். 450 பாகைக்கு மேல், தகடுகளின் அமைப்போடு இணைந்த நீரும் வெளியேறுகின்றது. அதன்பின் அம்மண் மீண்டும் நீரிற் கரைந்து களியாவதில்லை. மணலின் படிகங்கள் 573 பாகையிலே திடீரென்று விரிவதால், அவ்வெல்லையைச் சூடேறும்போதும் ஆறும்போதும் மெதுவாகக் கடக்கவேண்டும். மதுரைக்கு அருகே விளாச்சேரியிலே கொலுப் பொம்மை செய்யும் குயவர் குடும்பங்கள் வெப்பமானியின்றியே, நெருப்பின் நிறத்தையும் புகையின் அளவையும் கண்டு, இவ்வெல்லைகளை அநுபவத்தால் அறிந்திருக்கின்றன. நம் தலையாட்டிப் பொம்மைக்கோ சூளை வேண்டியதில்லை. நன்கு உலர்ந்த களி அடியைக் கடதாசியால் போர்த்தி வர்ணம் பூசினாற் போதும். நெருங்கிய வீடுகளின் நடுவே நெருப்பு வளர்க்க இயலாதவருக்கு இது பெரியதொரு வசதி.

கடதாசியும் பசையும்

கடதாசி என்பது செலுலோசு நார்களின் பின்னல். நீரில் ஊறும்போது நார்களுக்கிடையே உள்ள ஐதரசன் பிணைப்புகள் தளருகின்றன. உலரும்போது நார்கள் மீண்டும் நெருங்கிப் புதிய இடங்களிலே பிணைந்துகொள்கின்றன. ஆகவே ஊறிய கடதாசி எந்த அச்சின்மீது உலருகின்றதோ அந்த அச்சின் வடிவத்தை ஏற்கின்றது. கோதுமை மாவை நீரிலே கரைத்துக் காய்ச்சும்போது, ஏறத்தாழ 60 பாகையிலிருந்து மாப்பொருளின் மணிகள் நீரைக் குடித்துப் பருத்துக் குழைந்து பசையாகின்றன. இப்பசையும் செலுலோசைப்போலவே வெல்ல மூலக்கூறுகளின் சங்கிலியாதலால், நாரோடு நாராக ஒன்றிவிடுகின்றது. கத்தரிக்கோலால் நறுக்கிய துண்டின் விளிம்பு தனித்துத் தெரியும். கையால் கிழித்த துண்டின் விளிம்பிலே நார்கள் பிரிந்து நிற்பதால் அடுத்த துண்டோடு கலந்து மறையும். அச்சுக்கு எண்ணெய் தடவி, ஒரு படையின் துண்டுகளை நெடுக்காகவும் அடுத்த படையினவற்றைக் குறுக்காகவும் ஒட்டி, ஒவ்வொரு படையும் ஓரளவு உலர்ந்தபின் மேற்படையைச் சேர்த்து, ஆறேழு படைகளான பின்பு கூட்டை இரண்டாகப் பிளந்து அச்சை நீக்கி மீண்டும் ஒட்டிக்கொள்ளலாம்.

மாப்பசை பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் உணவு. மாரிகாலத்து ஈரக்காற்று இவ்வூர்களிலே அவற்றுக்கு உற்ற துணை. பசையிலே மயில்துத்தம் கலப்பது பழைய வழக்கமாயினும், அது வாயிற் போனால் நஞ்சாதலால், சிறுவர் கையாளும் பொம்மைக்கு ஆகாது. உள்ளும் புறமும் முற்றாக உலர்த்தி, ஈரம் மீண்டும் புகாதவாறு மேற்பூச்சினால் அடைத்துவிடுதலே தகுந்த காப்பு. இக்கரையிலே இத்தொழிலுக்கு உரிய பருவம், வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த பின் வரும் வறண்ட மாதங்களே.

எண்ணிய உருவத்தை முதலிலே கடதாசியில் அமைத்துப் பார்ப்பது சிறந்த சிற்பிகளின் வழக்கம். 1206ஆம் ஆண்டிலே தம் இயந்திர நூலை எழுதி முடித்த அல்-ஜஸரி, நீராலும் பாரத்தாலும் தாமே இயங்கும் யானைக் கடிகாரம் முதலிய அற்புதங்களை அரசவைக்குச் செய்தளித்தவர். கடதாசி மாதிரிகளைக் கொண்டு வடிவத்தை நிச்சயித்தல், மரம் வளையாதிருக்கப் பலகைப் படைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுதல், சக்கரங்களின் சமநிலையைச் சோதித்தல் ஆகிய முறைகளை அவர் அந்நூலிலே விவரித்திருக்கின்றார். உலகம் வியக்கும் கருவிகளைச் செய்த அவர், வீட்டுச் சிற்பி செய்யவேண்டிய அதே சிறு பரீட்சைகளிலிருந்தே தொடங்கினார்.

வர்ணமும் பாதுகாப்பும்

பொம்மை கண்ணுக்கு முடியும் இடம் வர்ணம்; குழந்தையின் வாய்க்குத் தொடங்கும் இடமும் அதுவே. பளிச்சிடும் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் ஈயக் கலவைகளைச் சேர்த்தல் உலகெங்கும் நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. ஈயத்துக்கு ஆபத்தற்ற அளவு என்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. வர்ணப்பூச்சிலே பத்து இலட்சம் பங்குக்கு 90 பங்கு என்பதே சட்ட எல்லையாக உலக நாடுகளுக்கு விதந்துரைக்கப்பட்டிருக்கின்றது. காவியும் செம்மண்ணும் இரும்பு ஒட்சைட்டுகள்; அவற்றின் நிறம் வெயிலாலும் மாறாது. மஞ்சட் கிழங்கின் நிறம் அழகியதாயினும் ஒளியிலே விரைவில் வெளிறும். சுண்ணாம்புப் பூச்சின்மீது தீட்டினால் சிவந்துபோகும். ஆகையால் நிலைத்த நிறம் வேண்டுமானால் மண் வர்ணங்களையும், சிறுவர் பொம்மைக்கென ஈயமின்றிச் செய்யப்பட்ட நீர் வர்ணங்களையும் நாடுவதே நன்று.

கர்நாடகத்துச் சன்னபட்டணத்து மரப்பொம்மைகள் இவ்விஷயத்தில் நமக்கு நல்ல ஆசிரியர்கள். திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞரை வருவித்து வளர்த்த தொழில் என்று அவ்வூர் மரபு கூறுகின்றது. கடைசற் பட்டறையிலே சுழலும் வெட்பாலை மரத்தின்மீது நிறங்கலந்த அரக்குக் கட்டியை அழுத்தும்போது, உராய்வின் வெப்பமே அரக்கை இளக்கி மரத்திலே படியச் செய்கின்றது. அதன்பின் தாழை மடலால் அழுத்தித் தேய்க்க, பளபளப்பு உண்டாகின்றது. நெருப்புமில்லை, நச்சுக் கரைப்பானுமில்லை. அந்தத் தாழை நம் கடலோரத்திலும் வளருகின்ற செடியே. கலைப்பொம்மைகளை இக்காலத்திற் சிலிக்கோன் அச்சிலே பொலியுறெதேன் பிசின் ஊற்றிச் செய்வோர் உளர். அப்பிசினின் ஆவி மூச்சுக்குழாயைத் தாக்குவதால், குழந்தைகள் உறங்கும் வீட்டுக்குள்ளே அதனைக் கையாளுதல் தகாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குரிய பொம்மையின் எந்த உறுப்பும், கழன்ற உறுப்பும் உட்பட, 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் முழுவதும் அடங்குதல் கூடாது என்ற சர்வதேச விதியையும் மறத்தலாகாது. ராஜாவின் கிரீடத்தைத் தனியாக ஒட்டாமல், தலையோடு தலையாகவே வனைதல் வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

வீட்டிலிருந்து வகுப்பறைக்கு

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால், ஒரு சாண் உயரமுள்ள பொம்மைக்குள் உயிரியலும், நிலையியலும், ஊசலின் விதியும், களியின் அமைப்பும், நார்களின் பிணைப்பும், நச்சியலும் தத்தமக்குரிய இடத்தைப் பெற்றிருத்தல் புலப்படும். இவை பாடநூலிலே தனித்தனி அத்தியாயங்களாகப் பிரிந்து கிடக்கின்றன. கையிலே பொம்மை உருவாகும்போதோ, ஒன்றைக் கவனியாது விட்டால் மற்றவை பயன்படா என்பதைப் பிழையே உடனுக்குடன் உணர்த்திவிடுகின்றது. கலையையும் கணக்கையும் இவ்வாறு பிரிக்காது கற்றவர்கள் இக்கரைக்குப் புதியவர்களல்லர். காரைதீவிலே 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞான ஆசிரியராயிருந்தவர், வழக்கொழிந்த யாழ்க்கருவிகளின் அமைப்பைத் தமிழ் நூல்களின் துணையோடும் சுருதிகளின் கணிதத்தோடும் மீட்டெடுத்து, 1947இல் யாழ் நூலாக வெளியிட்டார்.

ஆதலின், கல்முனைப் பிரதேசத்துப் பாடசாலைகள் விஞ்ஞான வகுப்பிலே சமநிலையைக் கற்பிக்கும்போது கரும்பலகையில் முக்கோணம் வரைவதோடு நில்லாமல், ஒவ்வொரு மாணவரையும் தலையாட்டிப் பொம்மை ஒன்று செய்துவரப் பணிக்கவேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். அதற்கு வேண்டிய செலவு ஒரு கைப்பிடி களியும், பழைய பத்திரிகையும், அடுப்படியிலே காய்ச்சிய பசையும் மாத்திரமே. மாணவர் தம் பொம்மையின் அடி எத்தனை கிராம், மேலுடல் எத்தனை கிராம், விழாமல் நின்ற எல்லை எது என்பதைக் கொப்பியிலே குறித்து வரட்டும். பாய் இழைக்கவும் துணி தைக்கவும் அறிந்த தாய்மாரும் பெரியம்மாமாரும் அப்பொம்மைக்கு உடையும் அணியும் அமைக்க உதவட்டும். விழுந்த பொம்மை ஏன் விழுந்தது என்று தாயும் பிள்ளையும் ஒருங்கிருந்து ஆராய்கின்ற வீடு, எத்துணை எளியதாயினும், ஓர் ஆய்வுசாலையே. அவ்வாராய்ச்சியிலே பழகிய பிள்ளை, பின்னர் பாலத்தையும் கப்பலையும் கட்டடத்தையும் பற்றிக் கற்கும்போது, அவற்றின் விதிகளை ஏற்கெனவே தன் கைகளால் அறிந்த ஒருவராகவே கற்கத் தொடங்கும்.